வராத பிள்ளைகளின் எடை

10 ஜூலை 1972, திங்கள்

காலை எட்டு மணிக்கே வெயில். மேல்காற்று, வாசல் முழுக்கப் புழுதி. பேனாவுக்கு மை நிரப்பியது. மூக்குக் கண்ணாடியின் இடது காது மறுபடி கழன்றது. நூல் சுற்றிக் கட்டியது.

சனிக்கிழமை, எடை ஆய்வை நடத்துகிற டாக்டரம்மாவிடம் பேச வேண்டும். அவர் எதிரில் நின்றால் எனக்குப் பாதி மறந்துவிடும். ஆகவே முதலில் தலைப்புகள். பிறகு நாளுக்கு ஒன்றாக இங்கே விரித்து எழுதிப் பார்க்க உத்தேசம்.

1. வருடா வருடம் சராசரி எடை ஏறுவது பிள்ளைகள் தேறியதால் மட்டும் அல்ல.
2. எடை போட வராத பிள்ளைகள், வந்த பிள்ளைகளைப் போன்றவர்கள் அல்லர்.
3. வராதவர்களுக்கு ஈடாக, அவர்களை ஒத்தவர்களை ஒன்றுக்கு மேலாக எண்ண வேண்டும். வழி உண்டு.
4. நான்காம் ஊரில் 'ஊ.இ.' (ஊரில் இல்லை) என்று எழுதப்பட்ட பிள்ளைகளில் பெரும்பாலோர் இறந்தவர்கள். பணியாளர் மறைக்கிறார்.

நான்காவதைத் தயங்கித் தயங்கித்தான் எழுதினேன்.

மாலை: நடக்கக் கூடாதது நடந்தது. டாக்டரம்மா சொல்லாமல் கொள்ளாமல் அலுவலகத்துக்கு வந்தார். தலைப்புகளைத் தனித் தாளில் படி எடுத்து மேஜைமேல் வைத்திருந்தேன். எடுத்துப் படித்துவிட்டார்.

"நாலாவது நிச்சயமா சார்?"

"கணக்கு அப்படித்தான் சொல்றது" என்றேன். 'ஒருவேளை' என்று சேர்த்திருக்க வேண்டும். தினமும் நூறு தடவை வருகிற சொல், வேண்டிய நேரத்தில் வரவில்லை.

"சாவை மறைக்கிறவளை வச்சிக்கிட்டு என்ன ஆய்வு பண்றது? சரோஜாவுக்குத் தற்காலிக வேலைதானே. அடுத்த திங்கள் கடிதம் போயிடும்."

போய்விட்டார். அப்புறம் பதிவேட்டை எடுத்து மறுபடி கூட்டினேன். அதே கூட்டல்.

11 ஜூலை, செவ்வாய்

மண்ணெண்ணெய் வரிசையில் ஒன்றரை மணி. எனக்கு முன்னால் ஒரு அம்மாள், பின்னால் இருந்தவளிடம்: "இன்னாமே, தள்ளிக்கினே கீற. வண்டி இன்னா உன் மாமியார் ஊட்டுதா?" பின்னவள்: "எம் மாமியார் ஊட்டுதா இருந்தா உனுக்கு ஒரு சொட்டு கெடைக்குமா?" வரிசை முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். கேனில் பாதிதான் கிடைத்தது.

தலைப்பு 1, 2.

முகவுரையாக இப்படிச் சொல்லலாம். பொன்னேரிக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவே ஏழு ஊர்கள். ஆறு வருடத்துக்கு முன் ஐந்து வயதுக்கு உட்பட்ட எல்லாப் பிள்ளைகளுக்கும் அட்டை போட்டோம். பிறகு பிறப்பவர்களையும் சேர்த்துக்கொண்டே வருகிறோம். வருடத்துக்கு ஒரு முறை எடை, உயரம். அட்டையில் மூன்றே கட்டங்கள்: வந்தது, ஊ.இ., இறப்பு. நான் ஓய்வு பெற்ற பிறகு இந்தக் கணக்கைப் பார்க்க வந்து சேர்ந்தேன். கட்டங்கள் மூன்று போதும் என்று சொன்னவனும் நானே.

சராசரி ஏறுகிறது. டாக்டரம்மாவுக்குச் சந்தோஷம். ஆனால் படிக்காத பையன்கள் பரீட்சைக்கு முந்தின நாளே நின்றுவிட்டாலும் வகுப்பின் சராசரி ஏறும். வாத்தியார் நன்றாகச் சொல்லிக்கொடுத்தார் என்று ஆகாது.

இந்த வருடம் வராதவர்களின் பழைய அட்டைகளைத் தனியே எடுத்துப் பார்த்தேன். வந்துகொண்டிருந்த நாளிலேயே மற்றவர்களைவிட இளைத்த பிள்ளைகள். அதிலும் சோழவரம் பக்கம் செங்கல் சூளைக்குப் பெற்றோரோடு போனவர்கள், புதிய ஆலைகளுக்கு மண் நிரவும் வேலைக்கு இடம் மாறிப் போனவர்கள். இளைத்தவர்கள் போகிறார்கள். தேறியவர்கள் தங்குகிறார்கள். தங்கியவர்களை மட்டும் எடை போட்டு ஊரே தேறிவிட்டது என்கிறோம்.

இது சரியாகத்தான் இருக்கும். மூன்று முறை சரிபார்த்தேன். இருந்தாலும் டாக்டரம்மா "அதனால?" என்று கேட்டால் என்ன சொல்வது?

வீட்டில் வேதாவுக்கு முழங்கால் வலி. தைலம் வாங்க மறந்துபோனேன்.

12 ஜூலை, புதன்

மின்சாரம் இல்லை. ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வேலை.

தலைப்பு 3. பிள்ளைகளைக் கூறு கூறாகப் பிரிப்பது: ஊர், தகப்பன் தொழில், முதல் வருட எடை. ஒரு கூறில் பத்துப் பேரில் ஐந்து பேர்தான் வந்தார்கள் என்றால், வந்த ஐவரில் ஒவ்வொருவரும் தனக்காக ஒரு தரம், வராத ஒருவனுக்காக ஒரு தரம். எல்லாரும் வந்த கூறில் ஒருவர் ஒருவரே. பிறகு சராசரி. சூளைக் குடும்பங்களுக்கு இப்படிப் போட்டுப் பார்த்ததில் ஏற்றம் ஏறக்குறைய மறைந்துவிட்டது. வருத்தமான கணக்கு, ஆனால் நேர்மையான கணக்கு என்று நினைக்கிறேன்.

தலைப்பு 4. நான்காம் ஊரில் ஊ.இ. பதினொன்று. மற்ற ஊர்களில் இப்படி இல்லை. பெயர்களைப் பார்த்தேன். குப்பு, பிச்சை, குப்பன், மறுபடி குப்பு. முந்தைய பிள்ளைகள் தவறிப்போன வீட்டில்தான் அடுத்த பிள்ளையைக் குப்பையில் புரட்டி எடுத்து இப்படிப் பெயர் வைப்பார்கள். அதாவது பிள்ளை தங்காத வீடுகள். இரண்டாவது: இந்த வீடுகளில் அண்ணன் அக்காள் எல்லாம் அதே நாளில் வந்து எடை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். தாய் ஊரில், அண்ணன் ஊரில், நான்கு வயதுக் குப்பு மட்டும் எங்கே போவாள்? ஒரு முறை அல்ல, இரண்டு வருடமாக. இறந்திருக்க வேண்டும். இறப்பு என்றால் தனி விசாரணைத் தாள், டாக்டரம்மாவின் கேள்விகள். அதற்குப் பயந்து சரோஜா ஊ.இ. போட்டுவிட்டாள்.

ஒன்று மட்டும் உறுத்தல். இந்தப் பதினோரு பேரின் பழைய எடை குறைவாக இல்லை. சிலருக்கு நல்ல எடை. அம்மை, பேதி வந்தால் கொழுத்த பிள்ளையும் போய்விடும் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

சாப்பிடும்போது வேதாவிடம் சொன்னேன்.

"செத்துப்போச்சுன்னு யார் சொன்னா?"

"கணக்கு சொல்றது."

"கணக்கு போய்ப் பாத்துட்டு வந்துதா?" என்று கேட்டுவிட்டு மோர் ஊற்றினாள். "உங்களுக்கு எப்பப் பாத்தாலும் வராத குழந்தைகளப் பத்தியே பேச்சு. வந்த குழந்தை எப்படி இருக்குன்னு ஒரு நாளாவது சொல்லியிருக்கேளா?"

பகல் தூக்கம் வரவில்லை.

13 ஜூலை, வியாழன்

சரோஜா வந்தாள். எப்படியோ தெரிந்திருக்கிறது. முப்பத்தைந்து வயது இருக்கும். புருஷனுக்கு அரிசி மில்லில் கை போய்விட்டது. இரண்டு பெண்கள். சைக்கிளை வெளியில் சாத்திவிட்டு உள்ளே வந்து, உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"சார், ஆபீஸ்ல உக்காந்துகினு பென்சிலாலயே பதினோரு பேர சாவடிச்சிட்டீங்களாமே."

நான் பதிவேட்டைத் திறந்தேன். என்ன அவமானமோ, என் கைக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

"அத்த மூடுங்க சார். அது எனுக்கும் தெரியும், நான் எழுதனது. ஆறு வருசமா எந்த ஊட்ல இன்னா சாவுன்னு பாத்துகினு கீறேன். இறப்புன்னு பத்தொம்போது தாளு என் கையால எழுதிக் குடுத்தேன். அதுல ஒண்ணு என் சொந்த அக்கா புள்ள. அத்தயே மறைக்காதவ, இத்த மறைப்பேனா?"

"அப்படின்னா அந்தக் குழந்தைகள் எங்கே?"

பதிவேட்டை அவளே மூடினாள். பிறகு: "அத்த நான் சொல்ல மாட்டேன். வாக்கு குடுத்துட்டேன். நீங்களே வந்து பாருங்க."

"எனக்கு வெயில்..." என்று ஆரம்பித்தேன்.

"அந்த வெயில்லதான் சார் நான் சைக்கிள் மிதிக்கிறேன்."

நாளைக் காலை பாசஞ்சரில் வருவதாக ஒப்புக்கொண்டேன். கள ஊருக்கு நான் போய் மூன்று வருடம் ஆகிறது. குடை, தண்ணீர், பென்சில் இரண்டு, பதினோரு அட்டைகள், மோர்ச் சாதம், மிளகாய்.

14 ஜூலை, வெள்ளி

அசதி. கால் வீக்கம். ஆனாலும் இன்றே எழுத வேண்டும்.

பாசஞ்சர் நாற்பது நிமிடம் தாமதம். கும்மிடிப்பூண்டியில் இறங்கி, கல்கத்தா ரோட்டைக் கடந்து நடை. லாரிகள் போட்ட புழுதியில் சரோஜாவின் முதுகு மட்டும் தெரிந்தது. ஆலைகள் வரப்போகிற மேட்டில் செம்மண்ணை நிரவிக்கொண்டிருந்தார்கள். அதைத் தாண்டி நான்காம் ஊர்.

முதல் வீடு முனியம்மா. அட்டைப்படி மகன் ஏழுமலை, பத்து வயது, இந்த வருடம் வந்தது. மகள் குப்பு, நான்கு வயது, ஊ.இ.

முனியம்மா என் நெற்றி நாமத்தைப் பார்த்துவிட்டு, "இன்னா சாமி, இம்மாந்தூரம்?" என்றாள். குப்பு எங்கே என்று கேட்டேன்.

"எனுக்கு அந்தப் பேர்ல புள்ள இல்ல சாமி."

என் கணக்கு சரி என்று தோன்றியது. வெட்கத்தோடு எழுதுகிறேன்: ஒரு கணம் மனம் லேசானது.

சரோஜா சொன்னாள்: "முனியம்மா, இவரு எட போட வரல. என் வேல போவப்போவுது. இவருதான் கணக்கு எழுதறவரு. உம் பொண்ணு செத்துட்டான்னு எழுதிட்டாரு."

அதைக் கேட்டதும் அவள் முகம் மாறியதைப் பார்க்க முடியவில்லை. மண்ணில் மூன்று தரம் துப்பினாள். பிறகு அடுத்த வீட்டைப் பார்த்துக் கூப்பிட்டாள்: "கெங்கம்மா, உம் பொண்ண இட்டா."

தெலுங்கு பேசுகிற பக்கத்து வீட்டுக் கிழவி, இடுப்பில் ஒரு குழந்தையோடு வந்தாள். குழந்தை இடுப்பில் கொள்ளவில்லை. கன்னத்தில் மையால் பெரிய புள்ளி, காலில் ஒற்றைக் கொலுசு, கையில் பாதி தின்ற நுங்கு. என்னைப் பார்த்து "தாத்தா நாமம் போட்டுகினு கீது" என்றது.

"பாத்துக்க சாமி. இன்னா, செத்தா கீது?" என்றாள் முனியம்மா. குழந்தையைத் தொடவில்லை. "எனுக்கு இதுக்கு முன்னால ரெண்டு போச்சு. இத்தப் பொறந்த அன்னிக்கே குப்பையில பொரட்டிதான் எடுத்தேன். நல்லாத்தான் இருந்திச்சு. போன வருசத்துக்கு முன்ன வருசம் வேப்பமரத்துல தொங்கவுட்டு எட போட்டீங்க. கறிக்கடையில தொங்கவுடற மாதிரி. அந்த ஆளு ஊரு கேக்கறா மாதிரி ரெண்டு வாட்டி கூவனான், இம்மாம் கிலோன்னு. அங்க கீற பொம்பளைங்க அல்லாம் திரும்பிப் பாத்து வாயப் பொளந்துச்சுங்க. நாலாம் நாளு ஜொரம். பிழைக்காதுன்னு சொல்லிட்டாங்க. அன்னிக்குத்தான் ஒரு படி தவுட்டுக்குக் கெங்கம்மாகிட்ட வித்துட்டேன். இப்ப அது அவ புள்ள. என்னைக் கேட்டா எனுக்கு இல்லன்னுதான் சொல்லுவேன். சொன்னாத்தான் அது இருக்கும்."

கெங்கம்மா சிரித்தாள். "ரா நைனா, பாத்துக்க. நா பொண்ணு, என் பொண்ணு. தவுடு நல்ல தவுடு."

சரோஜா மெதுவாக: "இன்னா எழுதச் சொல்றீங்க சார்? அட்டையில வந்தது, ஊ.இ., இறப்பு, மூணுதான் கீது. தவுட்டுக்கு வித்ததுன்னு கட்டம் கீதா? இறப்புன்னு எழுதனா அவ அன்னிக்கே செத்துடுவா. அதான் ஊ.இ."

கூவின ஆளைப் பற்றி நான் ஒன்றும் பேசவில்லை. கூவச் சொன்னது யார் என்று முனியம்மாவுக்குத் தெரியாது. சரோஜாவுக்குத் தெரியும், அவளும் சொல்லவில்லை. எழுபதில் எடை போடுவதற்கு முன், எண்களை மாற்றி எழுதிய பிழைகள் அதிகம் என்று நான்தான் சுற்றறிக்கை எழுதினேன்: எடையை இருமுறை உரக்கச் சொல்லி, எழுதுபவர் திருப்பிச் சொல்ல வேண்டும். நல்ல விதி. அதற்குப் பிறகு எழுத்துப் பிழையே இல்லை. அதைப் பற்றிப் பெருமையாகக்கூட நினைத்திருக்கிறேன்.

குழந்தையின் கனத்தைக் கண்ணால் மதிப்பிட்டுப் பென்சிலை எடுத்துவிட்டேன். பழக்கம். முனியம்மாவின் கண் என் கையில். "எழுதாதீங்க சாமி." பையில் போட்டுக்கொண்டேன்.

ஒரு வீடு போதுமா? ஒன்றை வைத்துப் பதினொன்றைச் சொல்லக் கூடாது. கால் வலித்தாலும் எல்லா வீட்டுக்கும் போனோம். சரோஜா: "இப்ப மட்டும் வெயில் தெரியலையா சார்?"

இரண்டு குடும்பம் உண்மையிலேயே சூளைக்குப் போயிருக்கிறது, அண்ணன்மாரைப் பாட்டியிடம் விட்டுவிட்டு. ஒன்பது பிள்ளைகள் ஊரிலேயே. பக்கத்து வீட்டில், மாமன் வீட்டில், ஒருத்தி நெல் குதிருக்குப் பின்னால். பிச்சை என்ற பையன் என்னைக் கண்டதும், "எட போடற தாத்தா வந்துட்டாரு" என்று கத்திக்கொண்டு ஓடினான். பிடிக்க முடியாத வேகம். ஒன்பதும் தேறிய பிள்ளைகள். எடையைக் கூவினால் கண் படும் என்று எல்லா வீட்டிலும் அதே பேச்சு.

இறந்தது ஒன்றும் இல்லை.

பிள்ளை தங்காத வீடு என்று பெயரைப் பார்த்து முடிவு செய்தேன். இரண்டைப் பறிகொடுத்தவள் அடுத்ததை எப்படிப் பொத்தி வளர்ப்பாள் என்பது என் கூறுகள் எதிலும் இல்லை. பழைய எடை நல்ல எடை என்று அட்டை சொல்லியது. நான் அட்டையை நம்பாமல் பெயரை நம்பினேன்.

திரும்பும் ரயிலில் நின்றுகொண்டே. ஒரு மீன்காரி இடம் கொடுத்தாள். சாதம் சாப்பிடவில்லை, புளித்துவிட்டது.

15 ஜூலை, சனி

தூறல் போல ஏதோ. தரை நனையவில்லை.

டாக்டரம்மா பட்டணம் புறப்படுகிற அவசரம். ஜீப் வாசலில். 1, 2, 3 சொன்னேன். கேட்டார், உண்மையாகவே கேட்டார். சூளைப் பிள்ளைகள் கணக்கைக் கண்டு முகம் வாடியது. "ஆறு வருஷ வேலை, ஒண்ணும் ஏறலையா?" என்றார். பிறகு, "பரவாயில்ல. இருக்கறதைத்தான் எழுதணும்."

"நாலாவதை மறுபரிசீலனை..." என்று தொடங்கினேன்.

"மறுபரிசீலனையா, தப்பா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க சார்."

நேற்றுப் பார்த்ததைச் சொன்னேன். கோர்வையாக வரவில்லை. தவிடு என்றதும் டிரைவர் சிரித்துவிட்டான். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

"எந்தெந்த வீடு? குழந்தைகளை நானே போய் எடை போட்டுடறேன். அப்புறம் சந்தேகமே இல்ல."

சொல்லவில்லை. துணிச்சல் என்று யாரும் நினைக்க வேண்டாம். வாய் எழவில்லை, அவ்வளவுதான். அவரே பேசினார்:

"சார், கடிதத்துல கையெழுத்துப் போட்டாச்சு. உங்க கணக்கைக் காரணம் காட்டித்தான் போட்டேன். நீங்க எழுத்துல குடுத்தா நிறுத்தறேன். திங்கள் காலைல தபாலுக்கு முன்னாடி. 'இருக்கலாம்', 'கூடும்' எல்லாம் வேணாம். அப்படி எழுதினா நான் என்ன பண்ண முடியும்?"

ஜீப் போய்விட்டது.

சரோஜா வெளியில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. "கால் வீங்கிக் கீது சார், பஸ்ல போங்க" என்றாள். நான் ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன். சொல்லியிருக்கலாம்.

16 ஜூலை, ஞாயிறு

வேதாவுக்குத் தைலம் வாங்கியாயிற்று. பெரிய சீசா.

காலை முதல் கடிதம். முதல் வரைவு மூன்று பக்கம். படித்துப் பார்த்தால் ஏழு 'ஒருவேளை', நான்கு 'எனக் கருத இடமுண்டு', இரண்டு 'வயதின் காரணமாக'. மூன்று பக்கத்தில் சரோஜா பிழை செய்யவில்லை என்ற வாக்கியம் எங்கேயும் இல்லை. கிழித்தது.

இரண்டாவதில் தவறு முழுவதையும் கட்டங்கள்மேல் போட்டிருந்தேன். கட்டங்கள் தாமாக வந்து அட்டையில் உட்காரவில்லை. அதையும் கிழித்தது.

வேதா எட்டிப் பார்த்தாள். "இன்னுமா?"

"தப்புன்னு எழுதறது எப்படின்னு தெரியல."

"கையெழுத்தோட சேத்து நாலு வரி. உங்களுக்கு அதுக்கு மேல எழுதினா பயம் வந்துடும்."

வீட்டு எண்களைத் தரக் கூடாது. தந்தால் ஜீப் போகும், தராசு போகும், முனியம்மா மறுபடி துப்பி மறுபடி விற்பாள். அடுத்த வருடம் வீட்டுக்குள்ளேயே, வாய் திறக்காமல், தாயும் சரோஜாவும் மட்டும் இருக்க எடை போடலாமா என்று தனியே எழுத வேண்டும். அதற்கும் வராதவர்கள் வராமலே இருக்கட்டும். அவர்களுக்கு ஈடாக எண்ணும்போது இளைத்தவர்கள் என்று வைக்கக் கூடாது. எவ்வளவு எடை என்று வைப்பது? தெரியவில்லை. தெரியவில்லை என்றே எழுத வேண்டும்.

மூன்றாவது வரைவு. அனுப்பப்போவது இது. நகல்:

'பெருமதிப்புக்குரிய டாக்டர் அவர்களுக்கு. 10ஆம் தேதி தாங்கள் படித்த தாளில் நான்காவது தலைப்பு தவறு. நான்காம் ஊரில் ஊ.இ. எனக் குறிக்கப்பட்டவர்களில் ஒருவரும் இறக்கவில்லை. ஒன்பது பேரை உயிருடன் என் கண்ணால் பார்த்தேன், இருவர் பெற்றோருடன் சூளையில் இருக்கிறார்கள். பணியாளர் சரோஜா எதையும் மறைத்து இந்த ஆய்வைக் கெடுக்கவில்லை. எடையை உரக்கச் சொல்ல வேண்டும் என்று விதி எழுதி அந்தப் பிள்ளைகளைத் தராசிலிருந்து விரட்டியவன் நான்.'